பன்னிரண்டு படத்துக்கே நிறைந்த கார்டு

எங்கள் கடையில் பாதி எனக்கு, பாதி என் மனைவிக்கு. என் பாதியில் தையல் மெஷின். அவள் பாதியில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கேமரா கார்டுகளைச் சொருகிப் பார்க்கும் ஒரு சின்னப் பெட்டி. நடுவில் நான் தைத்த திரை. வாசல் போர்டில் ‘தையலகம்’ என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆனாலும் பேன்ட் சுருக்க வருகிறவர்கள்கூட, “கார்டு மேடம் கடைதானே இது?” என்று என்னிடமே கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு இடுப்பளவு எடுக்கிறேன். வேறென்ன செய்ய?

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் ஒரு போட்டோ லேபில் கவுன்டரில் இருந்தாள். ஆளாளுக்கு போனிலேயே படம் எடுக்க ஆரம்பித்ததும் லேபை மூடிவிட்டார்கள். மற்றவர்கள் முதலாளியிடம் நாற்காலி, ஃபேன் என்று கேட்டுக்கொண்டிருக்க, இவள் அந்தக் கார்டு பெட்டியை மட்டும் கேட்டு வாங்கி, கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். இதை வைத்துக்கொண்டு என்ன பிழைக்க முடியும் என்று நான் வாய்விட்டே கேட்டேன். அந்தக் கேள்வியை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

வீட்டில் சாதுவான மனுஷி. கார்டு என்று வந்துவிட்டால் வேறு ஆள். யாராவது கார்டை வாயருகில் கொண்டுபோனாலே போதும். “ஊதாதீங்க. அது என்ன சூடான காபியா?” என்பாள். சட்டையில் தேய்த்தாலும் திட்டு உண்டு. கார்டின் ஓரத்தில் நகத்துணுக்கு மாதிரி ஒரு தாழ்ப்பாள் இருக்கும். வந்த கார்டை முதலில் அதைத் தள்ளிப் பூட்டிவிட்டுத்தான் பெட்டியில் சொருகுவாள். பூட்டிவிட்டால் உள்ளே இருப்பதை யாரும் அழிக்கவும் முடியாது, மேலே எழுதவும் முடியாது. சில பேருக்குக் கோளாறே அந்தப் பூட்டுதான். தெரியாமல் அதைத் தள்ளிவிட்டு, கார்டு கெட்டுவிட்டது என்று நான்கு கடை ஏறி இறங்கிவிட்டு வருவார்கள். இவள் நகத்தால் ஒரு தட்டு தட்டித் திருப்பிக் கொடுப்பாள். வந்தவர்கள் அசடு வழிந்துகொண்டே போவார்கள்.

மலிவாகக் கிடைத்தது என்று சிலர் கொண்டுவரும் கார்டுகள் இன்னொரு ரகம். மேலே இருநூற்றைம்பத்தாறு ஜிபி என்று அச்சடித்திருக்கும். உள்ளே எட்டுக்குத்தான் இடம். அதைக் கண்டுபிடிக்க அவள் கேமராவை எங்கள் சுவர்க் கடிகாரத்துக்கு நேராக நிறுத்தி வீடியோ ஓடவிடுவாள். பிறகு போட்டுப் பார்த்தால் ஒரு கட்டத்துக்கு மேல் வெறும் சாம்பல் நிறம். “பதினொன்னு இருபதோட இதுக்கு மூச்சு நின்னுடுச்சு” என்று டாக்டர் மாதிரி அறிவிப்பாள். அப்படிக் கார்டு விற்ற போன் கடைக்காரர் இப்போதெல்லாம் எங்கள் வாசலைத் தாண்டும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு மும்முரமாகப் பேசுகிறார். எதிர்முனையில் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரார் படங்களை அவள் பார்க்க மாட்டாள். என்னிடம் லைனிங் துணியில் ஒரு துண்டு வாங்கி கம்ப்யூட்டர் திரைமேல் தொங்கவிட்டிருக்கிறாள். அடியில் எத்தனை படம் என்ற எண்ணிக்கை மட்டும் தெரியும். அவளுக்கு அது போதும். எனக்குப் போதாது, ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

போன மாதம் ஒரு காலையில் லிஃப்ட் மெக்கானிக் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதிர்க் கட்டடத்தின் லிஃப்டை முப்பது வருஷம் பார்த்தவர். கையில் பழைய கேமரா, அதைவிடப் பழைய உறை.

“நாளைக்கு ரயிலுக்குப் போறேம்மா. பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்கு. படம் எடுக்கலாம்னு பாத்தா கார்டு ஃபுல்லுங்குது. உள்ள இருக்கறது வெறும் பன்னெண்டே படம்.”

“வேற கார்டு போட்டுப் பாத்தீங்களா சார்?”

“போட்டேன். நூத்திருபத்தெட்டு ஜிபி, புதுசு. இந்தக் கார்டு ஆகாது, ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு. பயந்துபோய் ஆஃப் பண்ணிட்டேன். எல்லாரும் பழைய கார்டையே ஃபார்மட் பண்ணச் சொல்றாங்க. பண்ணினா உள்ள இருக்கறது அழிஞ்சிடும். அந்தப் பன்னெண்டும் என் வீட்டுக்காரி படம். அவ போய் எட்டு மாசம் ஆகுது. அவ படம்னு என்கிட்ட இருக்கறது அவ்வளவுதான்.”

கடைசி வாக்கியத்தை அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் மெஷினை நிறுத்தினேன்.

என் மனைவி பழைய கார்டை வாங்கிப் பூட்டினாள். முதல் வேலையாகப் பன்னிரண்டு படத்தையும் கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்தாள். “இனிமே பயப்பட வேணாம் சார்” என்றாள். பெரிய கார்டு கெட்டதில்லை, இந்த வயதான கேமராவுக்கு அவ்வளவு பெரிய கார்டைப் படிக்கத் தெரியாது என்று விளக்கி, முப்பத்திரண்டு ஜிபியில் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். கேமரா சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. அத்தோடு வேலை முடிந்தது. ஐந்தே நிமிஷம். நானாக இருந்தால் அனுப்பிவைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன்.

இவள் விடுவாளா? “நாலு ஜிபி கார்டு பன்னெண்டு படத்துல எப்படி நிறையும்? உக்காருங்க சார்.”

உட்காரவைத்துக் குடைந்தாள். “படத்தை எதுல போட்டுப் பாப்பீங்க?”

“பொண்ணு வீட்டுல விட்டுட்டுப் போன கம்ப்யூட்டர்ல. ஞாயித்துக்கிழமை கார்டைச் சொருகுவேன், வீட்டுக்காரி பக்கத்துல உக்காந்து தீர்ப்பு சொல்லுவா. பல்லு தெரியுது, அழிங்க. தலை கலைஞ்சிருக்கு, அழிங்க. நான் அழிச்சிடுவேன்.”

“குப்பைத் தொட்டியைக் காலி பண்ணவான்னு கேக்குமே, என்ன அமுக்குவீங்க?”

“வேணாம்னு அமுக்குவேன். திரும்பக் கிடைக்காதுன்னு எழுதியிருக்கும். விளைவு தெரியாத பட்டனை நான் அமுக்கறதில்லம்மா. லிஃப்ட்ல அப்படி அமுக்கினா ஆள் நடுவுல மாட்டிக்குவான்.”

என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கேலி செய்யப் போகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, அவள் கண் பளபளத்தது. சில கம்ப்யூட்டர்களில் கார்டிலிருந்து எதை அழித்தாலும் அது அந்தக் கார்டுக்குள்ளேயே ஒரு மறைவான தொட்டியில் போய்க் கிடக்கும். கேமராவுக்கு அது கண்ணில் படாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். இந்த மனுஷர் ஒரு தடவைகூடக் காலி செய்யவில்லை.

மறைவானதைக் காட்டு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னாள். துணிக்கு அடியில் எண் தெரிந்தது: தொள்ளாயிரத்து நாற்பத்தேழு.

அவள் துணியை எடுத்து மடித்து வைத்தாள், திரையை அவர் பக்கம் திருப்பினாள். “நான் பாக்கல சார். நீங்க பாருங்க” என்று எழுந்து என் பக்கம் வந்து, துணிக்கட்டின்மேல் உட்கார்ந்தாள். திரைச்சீலை இருந்தென்ன, காது இருக்கிறதே. வெகுநேரம் மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மனுஷர் மூக்கை உறிஞ்சினார். மறைப்பானேன், எனக்கும் அழுகை வந்தது.

அடுத்து கேட்டது சிரிப்பு. நல்ல வாய்விட்ட சிரிப்பு. “இங்க வாங்களேன் ரெண்டு பேரும்” என்று கூப்பிட்டார்.

போனோம். திரையில் ஒரு அம்மாள் கரண்டியும் கையுமாகக் கேமராவை அடிக்க வருகிறார். முடி கலைந்திருக்கிறது, பல் அத்தனையும் தெரிகிறது, அப்படி ஒரு சிரிப்பு. அவர் அந்தப் பன்னிரண்டையும் பக்கத்தில் திறந்து வைத்திருந்தார். அவற்றில் அதே அம்மாள் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

“இதுல இருக்கறவதான் என் வீட்டுக்காரி” என்று கரண்டிப் படத்தைத் தொட்டுச் சொன்னார். “அந்தப் பன்னெண்டுல இருக்கறது யாருன்னே எனக்குத் தெரியாது.”

என் மனைவி மெல்லக் கேட்டாள்: “எல்லாத்தையும் எடுத்துக் குடுக்கட்டுமா சார்? இதெல்லாம் அவங்க அழிக்கச் சொன்னதாச்சே.”

மெக்கானிக் அந்தக் கரண்டியைப் பார்த்துச் சிரித்தார்.

“நாப்பத்தொரு வருஷம் அவ சொன்ன எதையும் தட்டினதில்லம்மா” என்றார். “இது ஒண்ணை மட்டும் தட்டறேன். ஒண்ணு விடாம எடுத்துக் குடு.”