கிருஷ்ணம்மாளின் கல்துடைப்பம்

காய்ந்த கல்லில் ஒரு கை தண்ணீரைச் சுண்டி, அது முத்து முத்தாக உருண்டோடுவதைப் பார்த்து, துடைப்பத்தால் ஒரே வீச்சில் வழித்துத் தள்ளிய பிறகுதான் கிருஷ்ணம்மாள் மாவை ஊற்றுவார். ஒரு தடவைக்கு ஒன்பது தோசை. கை வட்டம் போட, வாய் தன் பெருமையைப் போடும். "எனக்கு ஆபரேஷன் பண்ண டாக்டரே எங்கிட்ட பார்சல் வாங்கினாரு. வேற யாருக்காவது இது நடந்துக்கீதா?"

நடக்கவில்லைதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். தங்கவயலில் சுரங்கத்தை மூடியதும், வேலை போன கணவரையும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பையும் கூட்டிக்கொண்டு பொம்மனஹள்ளிக்கு வந்தவர். இன்று ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். கையெழுத்து தமிழில் மட்டும்தான். சண்டை நான்கு மொழியில்.

கல் துடைக்கிற துடைப்பத்துக்கென்று அவர் கடையில் ஒரு முறை உண்டு. புதுத் தென்னங்குச்சியை முழ நீளத்துக்கு நறுக்கி, உப்புப் போட்டுக் கொதித்த தண்ணீரில் முக்கி, மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயில் காட்டி, சிவப்புத் துணியால் இறுக்கி முடிந்தால்தான் அது கல்லுக்கு வரும். நுனி தேய்ந்துவிட்டால் தூக்கி எறிய மனம் வராது. அதே சிவப்பு முடிச்சோடு அது வாசல் கழுவப் போய்விடும்.

அங்கேதான் வந்தது வினை. எதிரே பிஜி என்கிற தங்கும் விடுதியில் இருந்துகொண்டு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிற ஹரிஷ்குமார், ஒருநாள் தோசைக்குக் காத்திருந்த நேரத்தில் போனை நீட்டி வீடியோ எடுத்தான். கடையில் வேலை செய்யும் சுந்தரம் சிவப்பு முடிச்சுத் துடைப்பத்தால் சாக்கடைப் பக்கம் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்தார். போன் அப்படியே திரும்பியது. கிருஷ்ணம்மாள் சிவப்பு முடிச்சுத் துடைப்பத்தால் கல்லை வழித்துக்கொண்டிருந்தார். மொத்தம் பதினேழு விநாடி. தரைக்கும் இதுதான், தோசைக்கும் இதுதான் என்று எழுதிப் போட்டுவிட்டான். சாயங்காலத்துக்குள் லட்சம் பேர் பார்த்தார்கள். ஜெயிலில் போடு என்றான் ஒருவன். செத்துப்போன அவர் அப்பாவையும் விடாமல் இழுத்தான் இன்னொருவன். தினமும் காலையில் பார்சல் எடுத்த மூன்று பிஜிகளில் இரண்டு நின்றுபோயின.

இரண்டு நாள் வாயைத் திறக்காதே என்று மகள் ஆஷா கெஞ்சினாள். கேட்கிற ஆளா? பட்டுப் புடவை கட்டி, கடை வாசலில் நின்று, ஆஷாவின் போனிலேயே நாலு நிமிஷம் முழங்கினார். தங்கவயல், அடுப்பு, டாக்டர், ஒன்றும் பாக்கியில்லை. கடைசியில் சூடு தலைக்கேற, "கம்ப்யூட்டர் தட்றவனுக்கு தோசையப் பத்தி இன்னா தெரியும்? புடிச்சா துன்னு, இல்லன்னா போ" என்றார்.

ஊர் அந்தக் கடைசி வரியை மட்டும் நறுக்கி எடுத்து, மேளம் சேர்த்துச் சுற்றுக்கு விட்டது. மூன்றாவது பிஜியும் நின்றது. கட்டட ஓனர் நல்ல மனிதர். ஒரு மாதம் மூடி வை, வேறு பெயரில் போர்டு மாட்டு, ஜனங்கள் மறந்துவிடும் என்றார். "பேர மாத்தறதுக்கு நான் இன்னா திருடியா?" என்று கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான்காம் நாள் மத்தியானம் கடையில் ஈ, காக்கை இல்லை. கிருஷ்ணம்மாள் ஆஷாவின் போனை வாங்கித் தான் பேசியதை மூன்று தடவை பார்த்தார்.

"ஏண்டி, நாலு நிமிஷம் பேசிக்கீறேன். தொடப்பத்தப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே."

பிறகு அந்தப் பையனின் வீடியோவைப் போடச் சொன்னார். இதுவரை திட்டிக்கொண்டே பார்த்ததை அன்றுதான் வாய் மூடிப் பார்த்தார். முடிச்சிலேயே கண் நின்றது.

"அந்தப் புள்ள பொய் சொல்லலடி. ரெண்டு தொடப்பம்னு எனக்குத் தெரியும். பாக்கறவனுக்கு ஒண்ணுதான்."

அன்றே தேய்ந்த துடைப்பங்கள் எல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போயின. வாசலுக்கு நீளக் கம்பு வைத்த ரப்பர் வைப்பர் வந்தது. பின்சுவர் ஓரம் கிடந்த தோசைக்கல்லைச் சுந்தரமும் இன்னும் மூன்று பேரும் மூச்சுப் பிடித்துத் தூக்கித் தெரு விளிம்புக்கே கொண்டுவந்து வைத்தார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கட்டும். இதையும் அவர் அடக்கமாகச் சொல்வதில்லை. "தப்ப ஒத்துக்கினு கல்ல ரோட்டுக்குக் கொண்ணாந்தவ இந்த பொம்மனஹள்ளியிலயே நான் ஒருத்திதான்."

பழைய கூட்டம் இன்னும் திரும்பவில்லை. ஒரு பிஜி மட்டும் வந்திருக்கிறது. ஆனால் ஒரு நாள்கூட அடுப்பு அணையவில்லை.

போன திங்கட்கிழமை, விடிந்தும் விடியாத ஆறு மணி. எதிர்ச் சாரியில் ஹரிஷ்குமார் நின்றிருந்தான். முகத்துக்கு நேரே போன். சுந்தரம் கரண்டியோடு தெருவில் இறங்கப் போனார். ஆஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கிருஷ்ணம்மாள் நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்தார். தலைக்கு மேல் தொங்கிய பல்பின் ஒயரை எட்டிப் பிடித்து, வெளிச்சம் நேராகக் கல்லின் மேல் விழும்வரை கீழே இறக்கினார்.