கூப்பிட்டுப் பார்த்த வீடு

எனக்குக் கல்யாணமான மறுவருஷம், ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்த சில நாட்களில் இது நடந்தது. அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்கு மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் இரண்டு பெண்கள் சட்டிபானை, பெட்டியோடு ராஜபாளையம் போக வண்டி கேட்டார்கள். ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும், மற்றவருக்கு முப்பது. அவர்கள் என்ன தொழில் செய்து பிழைத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். தெருவில் இருக்கக் கூடாது என்று தெருக்காரர்கள் சொல்லிவிட்டதால் வீடு மாறிப் போனார்கள்.

பெண்களிடம் பேச எனக்குக் கூச்சம். மாட்டின் முதுகைப் பார்த்தபடியே ஓட்டினேன். காது மட்டும் பின்னால் இருந்தது.

மூத்தவர் இளவயதில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த ஓர் ஊரில் இருந்தவராம். அங்கே இந்தத் தொழிலுக்குச் சர்க்காரே டிக்கெட் என்று அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கிறது. இப்படி ஒன்று உண்டு என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

"ஏட்டி, டிக்கெட்டு இருந்தா எவனும் கை நீட்ட யோசிப்பான். நீட்டுனா சிப்பாய் வந்து இழுத்துட்டுப் போயிருவான்" என்றார் மூத்தவர்.

"நோவுன்னு ஒன்னையும்ல ஆஸ்பத்திரியில போட்டுப் பூட்டுனாங்க? நீதான சொன்ன."

"பூட்டத்தான் செஞ்சாங்க. கஞ்சியும் ஊத்துனாங்க."

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். "அண்ணனுக்குக் காது நல்லாத்தான் கேக்குது அக்கா" என்றார் இளையவர்.

அவர் பேச்சிலிருந்தே விஷயம் புரிந்தது. பழைய வீட்டில் ஒருவன் அவர் கழுத்தை நெரித்தபோது, அடுத்த வீட்டுக்காரர் கதவை உடைத்து வந்ததால்தான் உயிர் மிஞ்சியதாம். புது வீட்டில் அப்படி ஓடிவர ஆள் இருக்குமா என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

ராஜபாளையம் எட்டுவதற்கு முன்பே, தோட்டங்களுக்கு நடுவே தனியாக இருந்த ஓர் ஓட்டு வீடுதான் அவர்கள் பிடித்திருந்த புது வீடு. கொஞ்ச தூரத்தில் கிணற்றில் இரண்டு பேர் கமலையில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இளையவர் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, அந்தக் கெணத்தடியில போயி நில்லுங்க. நான் உள்ள கதவடைச்சிக்கிட்டுக் கத்துதேன். கேக்குதான்னு மட்டும் வந்து சொல்லுங்க."

போய் நின்றேன். கமலை கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதையும் மீறி அந்த அலறல் வந்தது. சும்மா கத்துகிறார் என்று தெரிந்தும் என் கால் நிற்கவில்லை. ஓடிப் போய்க் கதவை இடித்தேன்.

திறந்தவர் சிரித்தார். "நிக்கச் சொன்னா ஓடியாறீகளே." பிறகு என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. கமலைக்காரர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நேராகக் கிணற்றடிக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

"கத்துனது கேட்டுச்சா அண்ணாச்சி?"

"கேட்டுச்சு" என்றார் பெரியவராகத் தெரிந்தவர். அந்த வீட்டுக்கு யார் குடிவருகிறார்கள் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"வரலையே?"

"வந்தா, அந்த வீட்டுல ஒனக்கு என்னலே சோலின்னு போலீசுக்காரன் எங்களையும்ல கச்சேரிக்கு இழுப்பான்? சர்க்கார் சம்மதிச்ச வீடுன்னா வந்திருப்போம் தாயி."

அவர் இளக்காரமாகச் சொல்லவில்லை. டிக்கெட் நல்லதுதான் போல என்று எனக்குத் தோன்றியது. வாய் தவறிச் சொல்லியும்விட்டேன். அதுதான் அன்று நானாகப் பேசிய முதல் பேச்சு.

மூத்தவர் தலையை ஆட்டினார். "அந்த ஊருலயும் அக்கம்பக்கத்துல ஒருத்தரும் எட்டிப் பாக்கல தம்பி. சர்க்கார் வீடு, சர்க்காரே பாத்துக்கிடும்னுட்டாங்க. சிப்பாய் வந்தாத்தான் உண்டு. அவன் வாரதுக்குள்ள எம்புட்டோ நடந்துபோகும்."

இளையவர் வண்டிக்குத் திரும்பி நடந்தார். "சாமானை எறக்காதீங்க அண்ணே" என்று வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஊருக்குள் வாடகை அதிகம். இருந்தாலும் சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு வீட்டைத் தேடிப் பிடித்தார். பெட்டியை இறக்குமுன் அடுத்த வீட்டு அம்மாளிடம் தம் தொழிலை மறைக்காமல் சொல்லி, "கூப்பிட்டா வருவீகளா?" என்று கேட்டார். அந்த அம்மாள் தன் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கத்துனா வராம எப்படி இருக்கது? வாரேன். ஆனா எங்க வீட்டு ஆம்பளைக்குத் தெரிய வேண்டாம்."

அதற்குப் பிறகுதான் என்னைச் சாமானை இறக்கச் சொன்னார்.

இந்தப் பெண்களுக்குச் சர்க்கார் அனுமதி கொடுத்தால் நல்லதா என்று எங்காவது பேச்சு வந்தால், கமலைக்காரர் சொன்னதும் மூத்தவர் சொன்னதும் இரண்டுமே உண்மையாகத்தான் எனக்குப் படுகிறது. கத்தினால் பக்கத்து வீட்டார் பயமில்லாமல் ஓடிவர எப்படிப்பட்ட சட்டம் வேண்டும் என்று இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.