எந்தப் பக்கம் ஓடுவது

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற சாலையில் ஒரு துணைமின் நிலையம். அதில் ஒன்பது வருடம் ஆபரேட்டராக இருந்தேன். சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்த வருடம் உளுந்தும் பாசியும் கண்ணுக்கு எட்டுகிற மட்டும் பச்சையாக இருக்கும். பெய்யாத வருடம் மண் கைநுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கட்டுப்பாட்டு அறையில் ஒரு நேரத்தில் ஒரே ஆளுக்குத்தான் வேலை. டிரான்ஸ்பார்மரின் உறுமலைக் கேட்டுக் கேட்டு, ஊருக்குப் போய் அமைதியான இடத்தில் உட்கார்ந்தால் காதுக்குள் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

பின்னாலேயே குவார்ட்டர்ஸ். ஆறு வீடுகளில் இரண்டில்தான் ஆள் இருந்தது. என் மனைவி கல்யாணமான மூன்றாம் வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. இன்னொரு கல்யாணத்துக்குச் சொன்னவர்களிடம் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. உறவு என்று மிஞ்சியது அக்கா ஒருத்தி. தெற்கே, கடற்கரைக்குக் கொஞ்சம் உள்தள்ளிய ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முருங்கைத் தோட்டமும் நாலு மாடும் உண்டு. அவள் வீட்டு மாடியில் ஏறி நின்றால், கடலோரத்தில் எழும்பிக்கொண்டிருந்த அணு உலையின் குவிமாடங்கள் தெரியும். அத்தான் அங்கேதான் ஒப்பந்தத்தில் காவல் வேலை பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் பண்ணுவாள். வாரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே குரல் அது.

கரண்டு தட்டுப்பாடு கடுமையாக இருந்த வருடங்கள் அவை. ஆடி மாதம் கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் பேய் மாதிரிச் சுற்றும், அப்போது சமாளித்துவிடலாம். ஐப்பசியில் காற்று விழுந்ததும் தொல்லை ஆரம்பிக்கும். மேலிடத்திலிருந்து போன் வரும்: "லோடைக் குறை." எந்த ஊரை நிறுத்துவது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. பட்டியலை மீறியும் சொல்வார்கள். சொன்னதும் எழுந்து போய் நான்தான் கையால் நிறுத்த வேண்டும். நிறுத்தின கால் மணியில் அறையிலுள்ள இன்னொரு போன் அடிக்கத் தொடங்கும். தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்கிற தொழிற்சாலைக்காரர்கள், ரைஸ் மில்காரர், கிணற்று மோட்டார் நின்றுபோன சம்சாரிகள் எல்லோரும் என்னைத்தான் வைவார்கள். பதில் பேசாமல் கேட்டுக்கொள்வேன். வைவதற்காவது ஆள் கூப்பிடுகிறதே என்று நினைத்த நாளும் உண்டு.

வையாமல் பேசிய ஒரே ஆள், பசுவந்தனைக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து கூப்பிட்ட ஒரு பெண். முகம் பார்த்ததில்லை. அவள் மகளுக்கு மூச்சிழுப்பு. மருந்துப் புகையை மூச்சில் இழுக்கிற மெஷின் ஒன்றை ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கி வைத்திருந்தார்கள். கரண்டு இருந்தால்தான் அது ஓடும்.

"அண்ணாச்சி, எப்ப வரும்?"

"நாலு மணிக்குத்தாம்மா."

"பிள்ளைக்கு இழுக்குது அண்ணாச்சி. ஒரு பத்து நிமிசம் தந்தாக்கூடப் போதும்."

பின்னாலிருந்து அந்தப் பிள்ளை மூச்சு இழுக்கிற சத்தம் போனில் கேட்கும். இரண்டு தடவை, வேறு காரணம் எழுதிவைத்துவிட்டு, பத்து நிமிடம் கொடுத்தேன். மூன்றாவது தடவை மேலதிகாரி கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு, "அதிகாரி கவனிச்சுக்கிட்டு இருக்காரும்மா, என் கையில இல்லம்மா," என்றுதான் சொல்ல முடிந்தது. "சரி அண்ணாச்சி," என்று வைத்துவிடுவாள். ஏறக்குறைய தினமும் கூப்பிட்டவள், தைப்பொங்கலுக்குப் பிறகு கூப்பிடவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். ஒரு மாதம் ஆயிற்று. போன் அடிக்கும்போதெல்லாம் அவளாக இருக்கட்டும் என்று எடுப்பேன். ரைஸ் மில்காரராக இருக்கும். பிள்ளை போய்விட்டது என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். போய் விசாரிக்கத் தைரியம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கேட்டாள்.

"ஏலே, நீ கரண்டு ஆபீஸ்லதான இருக்க. உண்மையைச் சொல்லு. இந்த உலையால எங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. பயப்படாத. அது வந்தாத்தான் நமக்குக் கரண்டு."

"வெடிச்சுதுன்னா?"

"அதெல்லாம் அவ்வளவு லேசுல வெடிக்காது. சுத்திலும் கனத்த சுவர் கட்டியிருக்காவ. நம்ம ஊர்ல தீப்பெட்டி ஆபீஸ் தீப்பிடிச்சு எத்தனை பேர் செத்திருக்காவ? அதை யாரும் மூடச் சொல்லுதாவளா?"

அவள் சொன்னாள்: "தீப்பெட்டி ஆபீஸ் தீ அன்னைக்கே அணைஞ்சிரும்லே. அடுப்பு எரிச்சாச் சாம்பல் வரும். இதோட சாம்பலை எங்க கொட்டுவாவ?"

மறுநாள் அதற்குப் பதில் தேடிக் கோவில்பட்டி நூலகத்துக்குப் போனேன். கிடைத்ததை எல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க இரண்டு பக்கமும் கனத்தது. நிலக்கரியை எரித்தால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சைக் கெடுக்கிறது. அதற்கு யாரும் கூட்டம் போடுவதில்லை. அணு உலை புகை விடுவதில்லை. காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஓடும். விபத்து எப்போதாவதுதான். ஆனால் நடந்துவிட்டால் ஊர் திரும்பி வர முடியாமல் போகலாம். அந்தச் சாம்பலைப் பேரன் பேத்தி காலம் தாண்டியும் யாராவது காவல் காக்க வேண்டும். இதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். பேசுவதற்கு ஆள் இல்லாததால், சோறு வேகிற நேரத்தில் அந்த நோட்டை எனக்கு நானே சத்தமாக வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அந்தப் பிள்ளையின் மூச்சுச் சத்தம் வந்து நிற்கும். உலை வரட்டும் என்றே முடிப்பேன்.

மாசிக் கடைசியில் அக்கா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. "நீ வரணும். எனக்கு அவிய பேசுத வார்த்தை புரியாது," என்று கூப்பிட்டாள். லீவு போட்டுவிட்டுப் போனேன். உலையிலிருந்து வந்த பொறியாளர் நல்ல மனிதர். படம் போட்டுப் பொறுமையாகச் சொன்னார். கேள்வி கேட்கலாம் என்றதும் அக்கா என் முழங்கையைத் தட்டினாள்.

"எந்திச்சுக் கேளுலே. சாம்பலைக் கேளு."

"நான் அரசாங்க ஊழியன்க்கா. நான் எந்திச்சுக் கேக்கக்கூடாது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தானே எழுந்தாள். அத்தனை பேருக்கு நடுவில் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"ஐயா, ஏதாச்சும் ஒண்ணுன்னா எங்களை ஓடச் சொல்லுவீயல்லா. எந்தப் பக்கம் ஓடணும்? மாட்டை அவுத்து விட்டுட்டு ஓடணுமா, பத்திக்கிட்டு ஓடணுமா?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். கூட்டம் முழுக்கச் சிரிப்பு பரவியது. பொறியாளர் சிரிக்கவில்லை, பஸ் ஏற்பாடு செய்யப்படும், கால்நடைகளைப் பற்றித் தனியாகத் திட்டம் இருக்கிறது என்று ஏதோ சொன்னார். ஆனால் என் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டிருந்தது. உட்காரும்போது அக்கா அதைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் எனக்கு முன்னால் நடந்தாள். அடுப்படியில் தண்ணீர்ச் செம்பை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்: "மாட்டைப் பத்திக் கேட்டது சிரிப்பா இருந்துச்சா உனக்கு?"

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. அத்தனை நாளும் தனியாக நோட்டை வாசித்து வாசித்துச் சேர்த்துவைத்தது எல்லாம் வெளியே வந்தது.

"நீ ஆகாததைப் பத்திப் பேசுத. ஆகிக்கிட்டு இருக்கதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? கரண்டு இல்லாம ஒரு பிள்ளை செத்துப்போச்சுக்கா. நான்தான் நிப்பாட்டினேன். என் கையாலதான்."

அக்கா கண் கலங்கியதைப் பார்த்ததும், வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்:

"பாவம் அந்தப் பிள்ளை. சரி. அதுக்குப் பதிலா எங்களைப் போடுதியாக்கும்?"

அன்றே கிளம்பிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நானும் பண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குவார்ட்டர்ஸ் வீட்டுக்குள் இருக்க முடியாமல் கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் போய், எங்கோ போகிறவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை பக்கத்தில் இருந்தவர், "எங்க போறீய?" என்று கேட்டார். திருநெல்வேலிக்கு என்று பொய் சொல்லிவிட்டு, அவர் பார்ப்பாரே என்று அந்தப் பஸ்ஸில் ஏறிக் கயத்தாற்றில் இறங்கித் திரும்பினேன்.

இப்படி இரண்டு மாதம் போயிற்று. சித்திரையில் ஒரு மதியம், பசுவந்தனைக்கு அப்பால் அந்த ஊருக்குப் புறப்பட்டேன். செத்துப்போன பிள்ளையின் தாயிடம் என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். இழுப்புக்காரப் பிள்ளை வீடு என்று சொன்னதும் அடையாளம் காட்டினார்கள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி களத்தில் மிளகாய் வற்றலைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அவியளா? பொங்கல் கழிஞ்சதும் திருப்பூருக்குப் போயிட்டாவளே. காட்டுல ஒண்ணும் விளையல. பனியன் கம்பெனியில வேலை."

"பிள்ளை?"

"பிள்ளைக்கு என்ன? அங்கன பள்ளிக்கூடத்துல சேத்துருக்காவ. போன வாரங்கூடப் போன்ல என்கிட்ட பேசிச்சு. நீங்க யாரு?"

"கரண்டு ஆபீஸ்," என்றேன்.

"எங்க கரண்டு வருது," என்று அவள் மறுபடி மிளகாயைக் கிண்ட ஆரம்பித்தாள்.

திரும்பும் பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஒரு வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். பிள்ளை உயிரோடு இருக்கிறது என்ற சந்தோஷம்தான் முதலில். பஸ் வருவதற்குள் வெட்கம் வந்துவிட்டது. என் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளையை நானே சாகடித்து வைத்திருந்திருக்கிறேன். விசாரித்திருந்தால் ஒரு நாளில் தெரிந்திருக்கும். விசாரிக்காமல் இருந்தது பயத்தால் மட்டுமா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த வாரமே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"நல்லா இருக்கட்டும்," என்றாள். பிறகு, "அப்போ நீயும் தெரியாமத்தான் பேசியிருக்க," என்றாள்.

"ஆமாக்கா."

"நானும் தெரியாமத்தான் பயப்படுதேன். நீ படிச்சவன். நான் கேக்குததை உலை ஆபீசுக்கு நல்ல தமிழ்ல எழுதிக் குடு. உன் கருத்தை அதுல போடாத."

வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சாம்பலை எங்கே வைப்பீர்கள், எத்தனை காலம் வைப்பீர்கள், காவலுக்கு யார். ஓடச் சொல்லி எங்களுக்கு எப்படித் தெரிவிப்பீர்கள், கரண்டு இல்லாத நேரமாக இருந்தால் எப்படித் தெரிவிப்பீர்கள். மாடுகளுக்கு என்ன வழி. அத்தானைப் போல உள்ளே வேலை பார்க்கிற ஒப்பந்தத் தொழிலாளர்களின் உடம்பை யார் சோதித்துப் பார்ப்பது. கரண்டு இல்லாத நேரமாக இருந்தால் என்ற கேள்வி என் நோட்டில் எங்குமே இல்லை. தினமும் கரண்டை நிறுத்துகிறவனுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் அவள் கையெழுத்துப் போட்டாள். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.

"நீ போடாண்டாம். உன் வேலைக்கு ஏதாச்சும் ஆகிரும்," என்றாள்.

நான் போடவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆறேழு வாரத்தில் அவளுக்குப் பதில் வந்தது. சில கேள்விகளுக்குத் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். சாம்பலுக்கான பதிலைப் பள்ளிக்கூட ஆசிரியை இரண்டு தடவை வாசித்துக் காட்டியும் தனக்குப் பிடிபடவில்லை என்று அக்கா சொன்னாள். எனக்கும் படித்துக் காட்டினாள். எனக்குப் பாதி புரிந்தது. உலை வேண்டும் என்றே நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் பயப்படாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் மறுபடி வர ஆரம்பித்தது. மழை, மாடு, அத்தானின் முழங்கால் வலி என்று பேசுவாள். உலையைப் பற்றி அவள் கேட்பதில்லை. நானும் எடுப்பதில்லை. சீக்கிரமே பேச்சு தீர்ந்துவிடும். "வச்சிரட்டுமா?" என்பாள். "சரிக்கா," என்பேன். இரண்டு பேரும் உடனே வைக்கமாட்டோம்.