வெள்ளிமலை ஏறிய ஜமுனாபாரிக் கிடா

காலை ஏழு பத்துக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை பஸ் புறப்பட்டது. டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஜன்னல் வழியே ஈரக்காற்று முகத்தில் அடித்தது.

முப்பது வருடங்களுக்கு முன்பு கால்நடை ஆய்வாளராக இதே வழியில் வந்தேன். அப்போது நான் வந்த பஸ் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. மீதித் தூரத்தை நானும், ஜமுனாபாரி என்ற வடநாட்டு ஆட்டினத்துக் கிடா ஒன்றும் நடந்தே ஏறினோம். கிடா என் இடுப்புயரம் இருக்கும். காதுகள் தாடைக்குக் கீழே தொங்கும். எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் நின்று அதைத் தடவிப் பார்த்தார்கள். எனக்கு வயது இருபத்தாறு. மலையின் குட்டை ஆடுகளை இதோடு இனம் சேர்த்து ஐந்தே வருடத்தில் உயரமாக்கிவிடலாம் என்று மனதார நம்பினேன்.

கலப்பு கெடக்கூடாது என்று, ஊர்க் கிடாக்கள் எல்லாவற்றுக்கும் காயடிக்கச் சொன்னேன். பூங்கொடி என்ற கூலிக்காரப் பெண் மட்டும், தன் கருப்புக் கிடாவை விற்றுவிட்டதாகச் சொன்னாள். பிறந்த குட்டிகள் அத்தனை அழகு! ஐப்பசி மழை விடாமல் பிடித்ததும் சளி கட்டி, குளம்பு அழுகி, ஒவ்வொன்றாகச் செத்தன. கிடாவும் செத்தது. தை மாதம் மாற்றல் உத்தரவு வந்தபோது யாரிடமும் சொல்லாமல் இறங்கிவிட்டேன்.

ஒன்பதரைக்கு வெள்ளிமலையில் இறங்கி, பூங்கொடியின் ஊருக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தேன். அவளுக்குத் தலை நரைத்திருந்தது. பார்த்தவுடன் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இன்னா சார், கெடா இல்லாம கைய வீசிக்கினு வர்றீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குப் பின்னால் தூறலில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நல்ல உயரம், பாதி தொங்கிய காதுகள். ஒன்றுகூட இருமவில்லை.

"இது எப்படிம்மா? எல்லாம்தான் செத்துப்போச்சே?"

"ரெண்டு பொட்டக் குட்டி பொழச்சுதுங்க. அதுங்கள என் கருப்புக் கெடாவோட சேத்தேன்."

"அதைத்தான் வித்துட்டியே?"

"எங்க வித்தேன்? எங்கம்மா வூட்ல கட்டி வெச்சிருந்தேன். நீங்க காயடிக்கிற கிடுக்கிய தூக்கிக்கினு வர்றப்ப வேற இன்னாங்க சொல்றது?" என்று சிரித்தாள். "உசரம் உங்க கெடா குடுத்தது. மழைய தாங்கறது எங்க கெடா குடுத்தது. இதுங்கள வெச்சித்தான் எம்பொண்ண நர்சு படிக்க வெச்சேன்."

"குட்டிங்க செத்தப்ப என்னைத் திட்டினியா?"

"திட்டாம? சொல்லாம போனதுக்குத்தான் ஜாஸ்தி திட்டினேன்."

ஆட்டுப்பாலில் டீ போட்டுத் தந்தாள். ஒரு சினையாட்டின் வயிற்றில் என் கையை வைத்து, "ரெண்டு இருக்கு, பாருங்க" என்றாள். உள்ளே குட்டி உதைத்தது.

இரண்டு மணி பஸ்ஸில் இறங்கும்போது, அன்று மேலதிகாரிக்கு நான் எழுதிய அறிக்கை நினைவுக்கு வந்தது. தோல்விக்குக் காரணம் 'மலைமக்கள் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தேன். ஒருத்தி ஒத்துழைக்கவில்லைதான். அதனால்தான் அந்த ஆடுகள் மழையில் மேய்கின்றன.