பிரித்துத் தைத்த கார்

"என் வண்டி. அதுல நான் ரப்பர் வெச்சா கம்பெனிக்காரனுக்கு என்ன?" என்று மாமா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளி முடித்து மூன்று மாதமாக மாமா கடையில் சும்மா உட்கார்ந்திருந்ததில், கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

மாமா தையல்காரர். கடைச் சுவரில் அவரே எழுதி மாட்டிய பலகை ஒன்று உண்டு: 'வெளியே பிரித்துத் தைத்த துணிக்கு நாங்கள் பொறுப்பல்ல.' பிரித்ததை யாராவது மறைக்கப் பார்த்தால் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்.

"தையலைப் பிரிச்சிட்டீங்க. ஊசி போன ஓட்டையை எங்கங்க ஒளிப்பீங்க?"

வந்தவர் முகம் தொங்கிப்போகும்.

பஸ்ஸில் குலுங்கிப் போனால் அத்தையின் முதுகு தாங்காது என்று டாக்டர் சொன்னதால்தான் மாமா கார் வாங்கினார். அவர்தான் தினமும் அத்தையை வேலைக்குக் கொண்டுபோய் விடுவார். ஏழு மாதமாகியும் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க விடவில்லை. அத்தை அதில் வழுக்கிக்கொண்டேதான் போய்வந்தார்.

அப்படிக் காத்த மனிதர், தெருமுனை வேகத்தடையில் காரின் அடி ஒருமுறை உரசியதும் பதறிவிட்டார். ஒரு மெக்கானிக்கைப் பிடித்து, நான்கு சக்கர ஸ்பிரிங்குகளிலும் சுற்றுகளுக்கு நடுவே தடித்த ரப்பரைச் செருகினார். கார் இரண்டு விரல் உயர்ந்தது. உரசல் நின்றது. அத்தையின் முதுகு வலி கூடியது.

"தூக்கித் தூக்கிப் போடுதுங்க. இதுக்கு பஸ்ஸே தேவல."

"புதுசு அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்."

"எது, வண்டியா, என் முதுகா?"

சில வாரங்களில் பின் கதவுக் கண்ணாடி ஒன்று ஏற மறுத்தது; கூடவே, குலுக்கலைத் தாங்கும் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்தது. வாரண்டியில் மாற்றித் தந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் கைக்காசு போட அப்போது வழியில்லை; கார் நின்றுவிடும், அத்தை மறுபடி பஸ் ஏற வேண்டும்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும் வழியில் மாமா அதே மெக்கானிக்கிடம் வண்டியை நிறுத்தி, ரப்பரைப் பார்த்தால் வாரண்டி தரமாட்டார்கள் என்று நான்கையும் உருவச் சொன்னார். அங்கே நின்றுகொண்டுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

சர்வீஸ் சென்டரில் ஒரு பெண் காரை மேலே ஏற்றி, டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"ஸ்பிரிங்ல ரப்பர் வெச்சிருந்தீங்களா சார்?"

"ரப்பரா? அப்படீன்னா?"

"இங்க வந்து பாருங்க. ஸ்பிரிங் முழுக்கச் சேறு. இந்த ஒரு சுத்துல மட்டும் பளிச்சுனு இருக்கு. ரப்பரைக் கழட்டிட்டீங்க, அது உக்காந்த இடம் அப்படியே இருக்கு."

மாமா அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடையில் நான் எத்தனையோ பேரிடம் பார்த்த முகம். அவரிடம் அன்றுதான் பார்த்தேன்.

"அப்போ மொத்த வாரண்டியும் போச்சாம்மா?"

"இல்ல சார். ரப்பரால கெட்டது ஷாக் அப்சார்பர், அதுக்கு மட்டும் கிடையாது. பின் கதவுக் கண்ணாடி ஏறலன்னு சொன்னீங்கல்ல, அதுக்கும் ரப்பருக்கும் சம்பந்தமில்ல. இலவசமா சரி பண்ணித் தர்றோம். எல்லாம் வாரண்டிப் புத்தகத்துல இருக்கே, படிக்கலயா?"

"அதை இன்னும் உறை பிரிக்காம பத்திரமா வெச்சிருக்கேன்மா."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு டார்ச்சை அணைத்தாள்.

ஷாக் அப்சார்பருக்குக் காசு சேரும்வரை இரண்டு மாதம் அத்தை பஸ்ஸில் போனார். கண்ணாடி மட்டும் அருமையாக ஏறி இறங்கும் கார் வாசலில் நின்றது.

அந்த நாட்களில் ஒருவர் பேன்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். மாமா தைத்தது, இடுப்பை வேறு யாரோ பிரித்துத் தைத்திருந்தார்கள், ஜிப் வாய் பிளந்திருந்தது. மாமா அதை வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. வந்தவர் பலகையைப் பார்த்தார்.

"இடுப்பு என் பொறுப்பில்ல," என்றார் மாமா. "ஜிப்பு நான் வெச்சது. நாளைக்கு வாங்க, மாத்தித் தர்றேன்."

பலகையை அவர் மாற்றவில்லை. தான் மாறியதாக ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அவர் கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். ரப்பர் வைப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் அதனால் எது கெட்டாலும் வைத்தவர்தான் பொறுப்பு. உங்களுக்குத் தெரிந்த யாராவது புதுக் கார் வாங்கியிருந்தால், அவர் மெக்கானிக்கிடம் போவதற்குள் இதைச் சொல்லிவிடுங்கள். முக்கியமாக, சீட் உறையை இன்னும் கிழிக்காதவர்களிடம்.