நேர்த்திக்கடனுக்குக் கழற்றிய சட்டை

அருவிக்குப் போகிற எந்தக் கூட்டத்துக்கும் துணிகளைக் காவல் காக்க ஓர் ஆள் வேண்டும். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில், அந்தப் பதவிக்குப் போட்டியின்றித் தேர்வானவன் நான். குற்றாலமோ மணிமுத்தாறோ, மற்றவர்கள் இடுப்புத் துண்டோடு தண்ணீருக்கடியில் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். நான் பாறைமேல் அவர்களுடைய சட்டைகளுக்கும் ஒரு தூக்குவாளிப் புளியோதரைக்கும் நடுவில் உட்கார்ந்து குரங்குகளை முறைத்துக்கொண்டிருப்பேன். "அண்ணாச்சிக்குத் தண்ணி ஒத்துக்கிடாது" என்று காரணத்தையும் அவர்களே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். எனக்குத் தண்ணீர் நன்றாகவே ஒத்துக்கொள்ளும். சட்டையைக் கழற்றுவதுதான் ஒத்துக்கொள்ளாது.

கூடப் படித்தவர்களுக்கெல்லாம் மீசை அரும்பிய வயதில் எனக்கு மார்பும் சேர்ந்து அரும்பிவிட்டது. தானாக வற்றிவிடும் என்று குடும்ப டாக்டர் சொன்னார். வற்றவில்லை. குறுக்குத்துறைப் படித்துறையில் ஒருநாள் நான் தண்ணீரைவிட்டு எழுந்தபோது, "ஏலே, ஒனக்கு எப்பம்லே வளைகாப்பு?" என்று ஒருவன் கேட்டான். ஆறு முழுவதும் சிரித்தது. அன்று கரையேறியவன்தான். வற்றாத தாமிரபரணியை ஒட்டிக் குடியிருந்துகொண்டு, வாளித் தண்ணீரில், தாழிட்ட கதவுக்குப் பின்னால் குளித்தே முப்பது வயதைக் கடந்தேன்.

தொளதொளத்த சட்டை, அதில் பெரிதாக இரண்டு பைகள். ஒன்றில் கண்ணாடிக் கூடு, மற்றதில் டைரியும் மடித்த செய்தித்தாளும். அலுவலகத்தில் எனக்கு அறிவாளி என்று பெயர் வாங்கிக் கொடுத்தவை அந்தப் பைகளே. அளவெடுக்கிற தையல்காரர் மட்டும் டேப்பை மார்பில் சுற்றியபடி, "மூச்சை விடும் வே, பட்டாளத்துக்கா ஆள் எடுக்காவ?" என்பார். நான் மூச்சை விட்டுத்தான் நின்றிருப்பேன்.

திருச்செந்தூரில் ஆண்கள் மேல்சட்டையோடு சன்னதிக்குப் போக முடியாது. சைவக் குடும்பத்தில் பிறந்துவிட்டு அங்கே போகாமலிருப்பதற்கு ஒரு கௌரவமான காரணம் வேண்டுமல்லவா? நாத்திகனானேன். மற்றவர்கள் நிறையப் படித்துவிட்டு அந்த முடிவுக்கு வருவார்கள். நான் முடிவுக்கு வந்துவிட்டு அதற்கான புத்தகங்களைத் தேடிப் படித்தேன்.

அப்பா அம்மா காலமான பிறகு மாடியறை ஒன்றில் தனியாக இருந்தேன். ஒரே அண்ணன் சூரத்தில். ஒரு வாரப் பத்திரிகையின் டாக்டர் பதில்களில், என்னைப் போலவே யாரோ ஒரு 'பெயர் வெளியிட விரும்பாத வாசகர்' கேட்டிருந்தார். அறுவைசிகிச்சையில் எடுத்துவிடலாம் என்று பதில் வந்திருந்தது. அந்த வாசகர்மேல் எனக்கு ஏற்பட்ட பாசம் சொந்தக்காரர்கள் யார்மேலும் ஏற்பட்டதில்லை. பக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சர்ஜன் அழுத்திப் பார்த்தார். மாத்திரை ஏதும் சாப்பிடுகிறேனா என்று விசாரித்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"இதனால உமக்கு ஒரு கெடுதலும் இல்லை. சிலருக்கு இப்படி ஆகுததுதான். எதுக்கு அறுக்கச் சொல்லுதீரு?"

"சட்டையைக் கழட்டணும் சார்."

அவர் என் சட்டைப் பைகளைப் பார்த்தார். பிறகு அடுத்த வாரமே வரச் சொன்னார்.

சூரத்தில் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று அலுவலகத்தில் விடுப்புச் சொன்னேன். எனக்கு அலுவலகத்தில் தணிக்கை, கொஞ்சநாள் எழுத முடியாது என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு பொய்களும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து திடமாக நின்றன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பாராட்டிக்கொண்டிருந்தபோதுதான் நர்ஸ் வந்தாள்.

"கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரலை."

"அப்பம் எப்படி? கூட ஆள் இல்லாம தியேட்டருக்குள்ள எடுக்க மாட்டாவ. யாரையாவது வரச் சொல்லுங்க."

யாரை? மெஸ் அண்ணாச்சியிடம் சொன்னால் மதியச் சாப்பாட்டில் ரசம் ஊற்றுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னால் அலுவலகத்துக்கு வேறு கேளிக்கையே வேண்டாம். வீட்டுச் சொந்தக்காரர் நான் வாடகைக்கு இருப்பதையே மாதத்துக்கு ஒருமுறைதான் நினைத்துக்கொள்கிறவர். இத்தனை வருடம் என்னை மறைத்து வைத்த சாமர்த்தியத்தில், ஒரு கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார ஒரு மனிதரைக்கூட நான் சம்பாதிக்கவில்லை. படிப்பதற்கு எடுத்துச்சென்ற தடிமனான புத்தகம் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. அது கூட இருக்கும் ஆளாகாது.

"நான் இருக்கேன்னு போட்டுக்கிடு தாயி" என்றது ஒரு குரல்.

பக்கத்துக் கட்டிலில் திசையன்விளைக்காரர் ஒருவர் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். குரல் அவர் மனைவியுடையது. ஐம்பது வயதிருக்கும். காதில் பெரிய கம்மல், மடியில் வெற்றிலைப் பை.

"என்னையப் பாத்துக் கிழிச்சது போதாதுன்னு அங்கன வேறயா?" என்றார் கணவர்.

"நீரு பேசாமக் கெடயும். தும்முனா தையல் பிரிஞ்சிரும்" என்றுவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்ன ஆபரேசன் தம்பி?"

"கட்டி மாதிரி, அக்கா."

"எங்கன?"

நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"பயப்பட ஒண்ணுமில்லை, வெறும் சதைதான்னு டாக்டரே சொல்லிட்டார்" என்றேன்.

"வெறும் சதையை யாரு துட்டு குடுத்து அறுப்பா? எங்க சின்னம்மைக்கும் இப்படித்தான் சொன்னாவ. நெஞ்சிலதான் கட்டி. தைக்கு இருந்தா, மாசிக்கு இல்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கல்யாணம்கூட ஆகல்லியே பிள்ளைக்கு" என்றார்.

நான் மறுபடியும் உண்மையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, சாகப் போகிறவனின் நெஞ்சுரம் என்று அது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெற்றிலைப் பையிலிருந்து திருநீறு எடுத்து நெற்றியில் பூசிவிட்டார். நாத்திகன் குனிந்து கொடுத்தேன்.

மயக்கம் தெளிந்தபோது மார்பைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுப் போட்டிருந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் குழாய்கள் தொங்கின. அதற்கெல்லாம் மேலே கம்மல் முகம் தெரிந்தது. "வாயைத் தொற" என்றார். இட்லி. முந்தின நாள் இருந்த மரியாதை போயிருந்தது. அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்ததை சர்ஜன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. திருச்செந்தூர் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஒன்னைய உள்ள கொண்டுபோனதும் நேந்துக்கிட்டேன். நல்லபடியா வந்தா அங்கப்பிரதட்சணம்."

"ஐயோ, எனக்காக நீங்க எதுக்குக்கா உருளணும்?"

"நான் எதுக்கு உருளுதேன்? நீதாம் உருளணும்."

"எனக்கும் இப்படித்தான் வே" என்றார் கணவர், சிரிக்கப் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "நேருதது இவ. முதுகு தேயுதது எனக்கு."

தைப்பூசம் கழிந்த வெள்ளிக்கிழமை, காலையில், திருச்செந்தூரில் நாழிக்கிணற்றுப் பக்கம் நிற்பதாக அக்கா சொன்னார். உருளுகிறவன் நேராக உருள மாட்டான், கோணிக்கொண்டு போவான், கூடவே ஒரு ஆள் காலைத் தள்ளிவிட்டுக்கொண்டு வர வேண்டும். அதற்குத் தான் வருவதாக. மறுநாளே அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஊர்ப்பெயருக்குமேல் நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு நான் தம்பி என்பதற்குமேல் தெரியாது.

கட்டுப் பிரித்த பிறகு மாடியறைக் கண்ணாடிமுன் நின்றேன். தட்டையாக இருந்தது. காம்பைச் சுற்றி அரைவட்டமாய் இரண்டு மெல்லிய கோடுகள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன், கையைத் தூக்கிப் பார்த்தேன். இப்படி ஒரு நல்ல செய்தி வந்தால் மனிதர்கள் யாரிடமாவது ஓடிச் சொல்வார்கள். நான் விளக்கை அணைத்துவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றினேன். கழற்றிவிட்டு, யாராவது ஏதாவது சொல்வதற்காகக் காத்திருந்தேன். சுற்றிலும் தொந்திகள், எலும்புகள், நரைத்த மார்முடிகள். ஒருவரும் திரும்பவில்லை. கடலில் முங்கி எழுந்து, நாழிக்கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு நின்றேன். வேட்டி காய்ந்தது. திசையன்விளையிலிருந்து வரக்கூடிய கம்மல்களையெல்லாம் பார்த்தேன். அவரைக் காணவில்லை. மறுபடியும் போய் நனைந்துவிட்டு வந்தேன்.

கடைசியில் வெளிப்பிரகாரத்தில் தனியாகவே படுத்தேன். அவர் சொன்னது சரிதான். கொஞ்ச தூரத்திலேயே கோணிக்கொண்டு ஒரு குடும்பத்தின் தேங்காய்த் தட்டுக்குள் போய்விட்டேன். "கண்ணு தெரியலையா வே? இங்கன எங்க வாரீரு?" என்று அந்தக் குடும்பத்தலைவர் சத்தம்போட்டார். பிறகு அவரே குனிந்து, மார்பில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் கொடுத்து நிமிர்த்தி, "கூட யாரும் வரலியா? சரி, பைய உருளும்" என்று திருப்பிவிட்டுப் போனார். டாக்டரைத் தவிர ஒருவர் என் வெறும் மார்பில் கைவைத்தது அதுதான் முதல் தடவை. அவர் கவனிக்கவே இல்லை.

சுற்றி முடித்து எழுந்தபோது தலை சுற்றியது. மார்பெல்லாம் மணல். கோயில் விளக்குகளின் எண்ணெய்ப் பிசுக்கு வேறு. பார்த்துவிடக் கூடாது என்று இத்தனை வருடம் ஊரையே ஏமாற்றிய பொருளை வெளியில் வைத்துக்கொண்டு, பார்க்க வேண்டிய ஒரே ஒருவருக்காகப் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன்.

"வெயில் ஏறுதுல்லா, சட்டையைப் போடும் அண்ணாச்சி" என்றாள் பக்கத்தில் கருப்பட்டி மிட்டாய் விற்ற பெண். "யாரு வரணும்?"

"எங்க அக்கா."

"எந்த ஊரு?"

சொன்னேன். அக்கா அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவார் என்று அவள் ஆறுதல் சொன்னாள். அதில் வந்தவர்கள் எல்லாரும் இறங்கிக் கோயிலை நோக்கி நடந்து முடிகிற வரைக்கும், சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்றிருந்தேன்.