எல்லைக் கல்லுக்குப் பூசிய திருநீறு

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்பாவின் கைக்கடிகாரம் நின்றுபோனது. அதை யாரும் பழுது பார்க்கவில்லை. இன்றும் என் பீரோவில் அதே நேரத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. அன்று கார்த்திகை தீபம். மலை உச்சியில் தீபம் ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அப்பா கடிகாரத்தைக் கழற்றாமலே தன் குட்டைக்குள் குதித்தார்.

தன் குட்டை என்று அவர் சொல்லிக்கொண்டதில்தான் தகராறே இருந்தது.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. மலையைச் சுற்றி வரும் பாதையை ஒட்டி எங்கள் கழனி. பாகம் பிரித்தபோது மேட்டுப் பக்கம் அப்பாவுக்கு வந்தது, கிணறு இருந்த பள்ளத்துப் பக்கம் பெரியப்பாவுக்கு. கிணற்றுத் தண்ணீர் மட்டும் இருவருக்கும் பொது, முறை வைத்து இறைத்துக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் மலையிலிருந்து ஓர் ஓடை இறங்கி, எங்கள் நிலத்தின் குறுக்கே ஓடி, பெரியப்பாவின் கிணற்றுப் பக்கம் போய்ச் சேரும். கிணறு ஊறியதே அந்த ஓடையால்தான்.

பெரியப்பா மோட்டார் ஓட்டி முடித்து எங்கள் முறை வரும்போது கிணற்றில் சேறுதான் மிஞ்சுகிறது என்று அப்பாவுக்கு நெடுநாள் மனக்குறை. எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை முழுக்க அவரும் அம்மாவும் மண் வெட்டினார்கள். ஓடையை எங்கள் எல்லைக்குள்ளேயே மடக்கி, பாதையோரமாகத் தோண்டிய ஒரு குட்டையில் கொண்டுவிட்டார்கள். பெரியப்பா பக்கம் உயரமான கரை. குடம் மொள்ள வசதியாகப் பாதைப் பக்கம் கருங்கல் படிகள். அந்தப் படிகள்தான் பின்னால் வினையாயின.

இதற்கு உரிமை உண்டா என்று டவுனில் ஒரு வக்கீலிடம் அப்பா கேட்டார். “உன் நெலத்துல வுழற மழை உன்னுது, தாராளமா புடிச்சி வெச்சிக்க. ஓடையில ஓடி வர்ற தண்ணி அப்படி இல்ல. கீழ இருக்கறவனுக்கும் அதுல பாத்தியதை உண்டு” என்றாராம். அப்பா முதல் பாதியை மட்டும் ஊரெல்லாம் சொன்னார். கூடப் போயிருந்த அம்மா இரண்டாவது பாதியையும் கேட்டிருந்தாள். அதை எனக்கு அவள் சொன்னது நான் கல்யாணமாகிப் போன பிறகு.

பெரியப்பா நேரில் சண்டைக்கு வரவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, “மழை என்னா, மேலயிருந்து வுழறப்பவே இவன் பேருக்குப் பட்டா வாங்கினு வுழுதா?” என்று கேட்டார். அதே டீக்கடையில் மறுநாள் அப்பா, “பட்டா இருக்குதோ இல்லியோ, பள்ளம் நான் தோண்டனது” என்றார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் எங்கள் கைகளில் கீரையும் குழம்புமாகக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாலு வயதுத் தம்பிக்குப் பாகப்பிரிவினையே தெரியாது. இரண்டு வீட்டிலும் பசிக்கிறது என்பான்.

தீபத்தன்று காலையிலிருந்தே மலை சுற்றும் கூட்டம் எங்கள் கழனியைக் கடந்து போனது. ஐப்பசி மழையில் குட்டை ததும்பி நின்றது. எங்கிருந்தோ வந்த ஓர் அம்மாள் கருங்கல் படிகளைப் பார்த்து நின்றார். “இது இன்னா தீர்த்தங்க?” என்று கேட்டார்.

“தீர்த்தம் இல்லம்மா, என் குட்டை” என்றார் அப்பா.

“அடக்கமா சொல்றாரு பாரு” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, அந்த அம்மாள் இறங்கித் தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டார். ஒருவர் செய்வதைப் பார்த்துப் பின்னால் வருபவர்களும் செய்தார்கள். மதியத்துக்குள் குட்டையில் பத்துப் பேர் முழுகிக்கொண்டிருந்தார்கள். கரையோரம் ஒரு சர்வே கல் நின்றது, அப்பாவின் நிலம் எங்கே முடிகிறது, பெரியப்பாவின் நிலம் எங்கே தொடங்குகிறது என்று காட்ட நட்டது. யாரோ அதற்குத் திருநீறு பூசினார்கள். இன்னொருவர் செவ்வந்திச் சரம் சாற்றினார். பாதை நெடுக எட்டு லிங்கங்களைக் கும்பிட்டு வருகிறவர்களுக்கு ஒன்பதாவதைக் கும்பிடுவதில் கஷ்டமொன்றும் இருக்கவில்லை.

“அது அளவு கல்லுங்க! கற்பூரம் கொளுத்தாதீங்க!” என்று அப்பா கத்திப் பார்த்தார். அவருடைய தண்ணீரில் கால் கழுவ யாரும் அவரிடம் உத்தரவு கேட்கவில்லை. சொந்த அண்ணன் கிணற்றுக்குச் சொட்டு விடாமல் காத்த தண்ணீர் முன்பின் தெரியாத பாதங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

நாலு மணிக்கு மேல் மலையில் கருமேகம் இறங்கியது. நல்ல மழை. கூட்டம் கலைந்து மரத்தடிகளுக்கு ஓடியது. ஓடை செம்மண் நிறத்தில் இரைந்து வந்து குட்டையில் விழுந்தது. மழை சற்று விட்டதும், “தம்பி எங்கடி?” என்று அம்மா கேட்டாள். அவன் அப்பாவோடு இருக்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அம்மாவோடு இருக்கிறான் என்று அப்பா நினைத்திருந்தார்.

அப்போதுதான் அதைப் பார்த்தோம். தம்பி காலையில் அழுது வாங்கிய சிவப்புக் காகிதக் காத்தாடி குட்டையின் நடுவில் மிதந்துகொண்டிருந்தது.

அப்பா குதித்தார். முழுகி, எழுந்து, மறுபடி முழுகினார். வழிப்போக்கர்கள் சிலரும் குதித்துத் தேடினார்கள். கலங்கிய தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. பெரியப்பா வீட்டில் பார்த்துவிட்டு வா என்று அம்மா என்னை விரட்டினாள். ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. எல்லோரும் டவுனுக்குத் தீபம் பார்க்கப் போய்விட்டார்கள் என்று நினைத்துத் திரும்பி ஓடி வந்தேன்.

“கரைய வெட்டுங்க, தண்ணி எறங்கனாதான் ஆவும்” என்றார் ஒருவர்.

“மண்வெட்டி எடுத்துனு வா!” என்று அப்பா அலறினார்.

பெரியப்பா பக்கத்துக் கரையைத்தான் வெட்ட வேண்டும். தண்ணீர் இறங்க வேறு வழியில்லை. அந்தக் கரையை அப்பா அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார். களிமண் வைத்து, மிதித்து, கட்டையால் அடித்து இறுக்கிய கரை. வெட்ட வெட்ட அது விடவில்லை. அப்பா அதைத் திட்டிக்கொண்டே வெட்டினார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் ஒரு பக்கம் சரிந்தது. தண்ணீர் பிய்த்துக்கொண்டு பழைய ஓடையில் பாய்ந்து, கரும்புக் கொல்லைக்கு அப்பால் இருந்த கிணற்றை நோக்கிப் போனது.

போன வாரம் மழையில் என் மகள் கல்லூரியிலிருந்து வர நேரமாகிவிட்டது. போன் எடுக்கவில்லை. தெருமுனையில் குடையோடு நின்றுகொண்டு, சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தேன். பஸ் பழுதாகி நின்றிருக்கிறது, அவ்வளவுதான். வந்தவள், “ஏம்மா சாக்கடையையெல்லாம் எட்டிப் பாக்கற?” என்று கேட்டாள். அப்பா அன்று மண்வெட்டியைப் பிடித்திருந்த கைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

குட்டை மெல்ல வடிந்தது. முழங்கால், கணுக்கால், பிறகு சேறு. அப்பா சேற்றைக் கைகளால் துழாவினார். எலுமிச்சம்பழம் கிடைத்தது, செவ்வந்தி கிடைத்தது, யாருடையதோ ஒரு துண்டு கிடைத்தது. அவன் இல்லை. அவன் அங்கே இல்லை என்று அம்மாதான் முதலில் சொன்னாள். சொல்லிவிட்டுப் படியில் அப்படியே உட்கார்ந்தாள். அப்படியானால் எங்கே?

அந்த நேரத்தில் மேகம் விலகி உச்சியில் தீபம் தெரிந்தது. பாதை முழுக்க “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்று ஒரே குரல். மலையில் தீபம் பார்த்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவோம். அம்மா காலையிலேயே திரி போட்டு வைத்திருந்த அகல்கள் வாசலில் ஏற்றாமலே கிடந்தன.

அரோகரா அடங்கும் முன்பே வெட்டிய கரை வழியாக, ஓடைக்குள்ளேயே நடந்து, ஓர் ஆள் மேலே வந்தார். பெரியப்பா. அவர் தோளில் தம்பி உட்கார்ந்திருந்தான், வாய் நிறைய வேர்க்கடலையோடு. காத்தாடி தண்ணீரில் விழுந்ததும், அதைவிட நல்லது வாங்கித்தரும்படி கேட்கப் பெரியப்பாவைத் தேடிப் போயிருக்கிறான். கிணற்றடி மோட்டார் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கி இருவரும் கடலை உரித்திருக்கிறார்கள். மழை இரைச்சலிலும் வேட்டுச் சத்தத்திலும் எங்கள் கூப்பாடு அவர் காதில் விழவே இல்லை. திடீரென்று ஓடையில் தண்ணீர் வந்து கிணற்றில் விழுந்ததைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

அம்மா தம்பியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவனுக்கு மூச்சு முட்டியது. அப்பா சேற்றில் நின்றபடியே இருந்தார். பெரியப்பா அவரைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த மண்வெட்டியைப் பார்த்தார், வெட்டிய கரையைப் பார்த்தார், திருநீறு பூசி நின்ற எல்லைக் கல்லைப் பார்த்தார். பிறகு பேசினார்.

அவர் தப்பாக நினைத்துக்கொண்டார் என்று எனக்குப் புரிந்தது. நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மாவின் ஈரக் கை என் வாயைப் பொத்தியது. அப்பாவும் “ஆமாண்ணா” என்று மட்டும் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கரையை அவர் மறுபடி கட்டவே இல்லை. உண்மையைச் சொல்லவிடாமல் பெரியவர்கள் ஏன் என் வாயைப் பொத்தினார்கள் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

பெரியப்பா சொன்னது இதுதான்:

“தண்ணிய தொறந்து வுட்டியேடா, சந்தோஷம். ஆனா அதச் சொல்றதுக்கு இம்மாந்தூண்டு புள்ளையவா அனுப்புவ? நீயே வந்திருந்தா, நான் இன்னா வேணாம்னா சொல்லப் போறேன்?”